சுற்றறிக்கையில் இல்லாத கடமை

போன ஜூன் மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சார்ஜர் வாங்கப் போன இடம். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பக்கத்தில் அவருடைய மகள். விழுப்புரம் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார்கள். அவர் தன் கைபேசியைக் கடைக்காரரிடம் நீட்டினார். மகளுக்கு இடம் கிடைத்திருக்கும் பொறியியல் கல்லூரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுற்றறிக்கை அது. முதலாமாண்டு மாணவர்கள் அனைவரும் சொந்தமாக மடிக்கணினி வைத்திருப்பது கட்டாயம். ஐ5 அல்லது ரைசன் 5 பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கல்லூரி நெட்வொர்க்கில் இணைவதற்கு ஒரிஜினல் இயங்குதளமும் ஆன்டிவைரஸும் இருக்க வேண்டும். நெட்வொர்க்குக்குப் பாதிப்பு ஏற்பட்டால் சம்பந்தப்பட்ட மாணவரே பொறுப்பு. கீழே முதல்வரின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு.

கடைக்காரர் படித்துப் பார்த்தார். "புதுசுன்னா அறுபதாயிரம் ஆகும்ணே. செகண்ட்ஸ்ல இருபத்திரண்டுக்குத் தர்றேன். கம்பெனி மெஷின், கல்லு மாதிரி ஓடும்."

"விண்டோஸ் ஒரிஜினலாண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அது தனிக் காசும்மா. நாங்களே போட்டுக் குடுத்துடுவோம். ஒண்ணும் ஆகாது."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த பணத்தை அவர் எடுத்து எண்ணியபோது, நூறு ரூபாய்த் தாள்களும் அதில் கலந்திருந்தன. எண்ணி முடித்ததும் மெல்லக் கேட்டார்: "இதுக்குப் பில்லு காலேஜ்ல கேப்பாங்களா பாப்பா?"

அந்தச் சுற்றறிக்கை கேட்டது பாதுகாப்பான கணினி. அந்தச் சுற்றறிக்கையால் அன்று விற்பனையானது பாதுகாப்பற்ற கணினி. ஐடி நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த இயந்திரம். திருட்டு விண்டோஸ். அதை இயங்கவைக்கும் 'கிராக்' மென்பொருளுக்காக முதலில் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். அந்தக் கிராக்குக்குள் வேறு என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று போட்டுக் கொடுக்கிற கடைப்பையனுக்கும் தெரியாது. போட்டபின் அப்டேட்டையும் நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடுமே என்று. ஆகஸ்டில் அந்தப் பெண் இதைக் கொண்டுபோய் விடுதி வைஃபையில் இணைப்பாள். ஏதாவது நடந்தால் 'சம்பந்தப்பட்ட மாணவர்' அவள்தான். எழுதிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

இது அநியாயம். ஒரு பொருளைக் கட்டாயம் என்று ஆணையிடுகிற கல்லூரி, அதற்கான செலவையும் அதிலிருந்து வரும் ஆபத்தையும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டுத் தான் ஒதுங்கி நிற்பது அநியாயம். இதை மென்மையான சொற்களில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மடிக்கணினியே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. கோடிங் படிக்கிற பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மணி நேர லேப் எதற்குக் காணும்? இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்துகிறபோதுதான் புரோகிராமிங் மனதில் இறங்குகிறது. தமிழ் எம்.ஏ. படிப்பவருக்கும் ஓலைச்சுவடிப் படிமங்களைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு நல்ல திரை வேண்டும். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் டிரெக்ஸெல் பல்கலைக்கழகம் புதிதாகச் சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் கணினி வேண்டும் என்று 1983-ல் முடிவெடுத்தது. மறு ஆண்டே மாணவர்கள் மெக்கின்டாஷ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் பழைய விவாதம் இது, அதன் பாதி முடிந்துபோய்விட்டது. கணினி தேவை. மிச்சமிருக்கும் பாதி, யார் தருவது, யார் காப்பது என்பது.

வட கரோலைனா பல்கலைக்கழகம் தன் சேப்பல் ஹில் வளாகத்தில் 2000-ம் ஆண்டு முதல் புதிய மாணவர்களுக்கு மடிக்கணினியைக் கட்டாயமாக்கியபோது, அந்தக் கட்டாயத்தோடு வேறு சிலவும் சேர்ந்தே வந்தன. பல்கலைக்கழகமே ஒரு நிறுவனத்தோடு பேசி விலையைக் குறைத்தது. நான்காண்டு வாரண்டி வாங்கியது. வளாகத்துக்குள்ளேயே பழுது பார்க்க ஏற்பாடு செய்தது. வசதியில்லாத மாணவர்களுக்கு மானியம் ஒதுக்கியது. 'கட்டாயம்' என்ற சொல்லை எழுதியவர்கள் அதன் எடையை உணர்ந்திருந்தார்கள். நம் ஊர்க் கல்லூரிகள் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு எடையை அப்பாக்களிடம் விட்டுவிட்டன.

எடை எவ்வளவு என்று பார்ப்போம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை. நான்கு ஆண்டுக்கு அது 48,000 ரூபாய். அந்தக் கடைக்காரர் சொன்ன புது மடிக்கணினியின் விலைக்கு இன்னும் 12,000 குறைகிறது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் மாதவிடாய் நாப்கினுக்கும் என்று அரசு தருகிற பணம் முழுவதையும் நான்காண்டும் தொடாமல் சேர்த்தாலும் முதலாமாண்டு முதல் நாளில் கேட்கப்படும் பொருளை வாங்க முடியாது. 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை நூற்றுக்கு 4.4 மட்டுமே. நகர்ப்புறத்தில் 23.4. அதற்குப் பிறகு நிலைமை சற்று மாறியிருக்கும். ஆனால் மகளையோ மகனையோ முதன்முதலாகக் கல்லூரிக்கு அனுப்புகிற வீடுகள் அந்த ஏணியின் எந்தப் படியில் நிற்கின்றன என்பது சுற்றறிக்கை எழுதுகிற முதல்வருக்குத் தெரியாததா?

தனியார் பொறியியல் கல்லூரிகள் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை இங்கே கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கிறது. அந்த வரம்பைத் தாண்டி ஒரு ரூபாய் வாங்கினாலும் புகார் கொடுக்கலாம். அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒரு பொருளை வெளியே வாங்கி வா என்றால்? ரசீது கல்லூரியின் பெயரில் இல்லை, ஆகவே அது கட்டணம் இல்லை. ஆனால் அதைக் கொடுக்காமல் வகுப்பில் உட்கார முடியாது. கொடுக்காமல் உட்கார முடியாத தொகைக்கு எங்கள் ஊரில் கட்டணம் என்றுதான் பெயர்.

கல்லூரிகள் மனது வைத்தால் உடனே செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. அதைக்கூடப் பல கல்லூரிகள் செய்வதில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கக் கணினி தேவைப்பட்டால் நியாயமான விலையில் அதை வாங்குவதற்கான செலவையும் கடனில் சேர்க்கலாம் என்று இருக்கிறது. 'தேவை' என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், வங்கி மேலாளர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வழி உண்டு. வாட்ஸ்அப்பில் கட்டாயம் என்று அனுப்பத் தெரிந்த அலுவலகம், வங்கிக்குக் கொடுக்கிற கட்டண விவரத்தில் அந்த வரியைச் சேர்க்காது. சேர்த்தால் கட்டணம் அதிகமாகத் தெரியும் என்ற பயம். விளைவு, பத்து சதவீத வட்டிக்குக் கிடைக்கக்கூடிய பணத்தை அந்த அப்பா ஊரில் மீட்டர் வட்டிக்கு வாங்குகிறார்.

அரசு தருகிறதே என்பார்கள். உண்மை. அதற்காகத் தமிழ்நாட்டைப் பாராட்டவும் வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் மாணவர் கைக்குப் போயின. அன்று கேலி பேசியவர்கள் பலர். அந்த இயந்திரத்தில் முதல் ரெஸ்யூமை அடித்து வேலைக்குப் போனவர்களை இன்று எந்த ஐடி அலுவலகத்திலும் பார்க்கலாம். இடையில் நின்றுபோன வழக்கத்தை 2025-26 நிதிநிலை அறிக்கை மறுபடி எடுத்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்து, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் அரசு கொடுப்பதால் கல்லூரியின் கடமை கழிந்துபோகாது. அரசின் பெட்டி எந்த ஆண்டு, எந்தப் பருவத்தில் யார் கைக்கு வரும் என்பதைக் கல்லூரியின் தேர்வு அட்டவணை பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இன்னொன்றும் நடக்கிறது. மாணவர் எல்லாரிடமும் மடிக்கணினி வந்துவிட்டது என்றானதும் கல்லூரி தன் கணினி ஆய்வகத்தைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறது. இத்தனை மாணவருக்கு இத்தனை கணினி என்று தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇ விதி இருக்கிறது, தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது கணக்கும் காட்டியாக வேண்டும். அதனால் பெட்டிகள் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அறை பூட்டியிருக்கும். சாவி ஆய்வக உதவியாளரின் இடுப்பில்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். சுற்றறிக்கையின் கடைசி வரி மாணவரைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறது. கடந்த கால அனுபவம் அதற்குச் சாட்சி சொல்கிறதா?

2003 ஆகஸ்டில் அமெரிக்க மாணவர்கள் கோடை விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டர் என்ற புழு பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. கேபிளைச் செருகினாலே போதும். திரையில் ஒரு பெட்டி வந்து அறுபது விநாடியில் கணினி அணைந்துவிடும் என்று எண்ணத் தொடங்கும். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-லேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்த கணினிகள் ஆயிரக்கணக்கில் ஒரே வாரத்தில் ஒரே வலையில் வந்து சேர்ந்தன. அப்போது பல்கலைக்கழகங்கள் திருத்தத்தைக் குறுந்தகட்டில் பதிந்து அடுக்கி வைத்து, விடுதி வாசலிலேயே கொடுத்தன. ஊழியர்கள் அறை அறையாகப் போய்த் தட்டினார்கள். பல வளாகங்கள் அதற்குப் பிறகுதான், புதிதாக வரும் கணினியை முதலில் தனி வலையில் நிறுத்தி, சோதித்து, சரிசெய்து, அப்புறம் உள்ளே விடும் முறைக்கு வந்தன. கொண்டுவந்தவன் குற்றவாளி என்று எழுதிவைத்திருந்தால் ஒரு கணினிகூடச் சரியாகியிருக்காது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததை ஒவ்வொரு துணைவேந்தரும் படிக்க வேண்டும். 2019 அக்டோபரில் வந்த ஏமாற்று மின்னஞ்சலின் இணைப்பை ஒருவர் திறந்தார். அவ்வளவுதான் தொடக்கம். உள்ளே நுழைந்தவர்கள் இரண்டு மாதம் சத்தமில்லாமல் சுற்றினார்கள். டிசம்பர் 23-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, 267 சர்வர்களைப் பூட்டிவிட்டார்கள். பல்கலைக்கழகம் 30 பிட்காயின், ஏறத்தாழ இரண்டு லட்சம் யூரோ, பணயமாகக் கட்டி மீண்டது. பிறகு அது என்ன செய்தது என்பதுதான் பாடம். மின்னஞ்சலைத் திறந்தவரைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. விசாரணை அறிக்கையை வெளியே வைத்து, 2020 பிப்ரவரியில் கூட்டம் போட்டு, அப்டேட் செய்யாமல் விட்ட சர்வர்கள், சரியாகப் பிரிக்காத நெட்வொர்க் என்று தன் குறைகளைத் தானே சொன்னது. பின்னால் புலனாய்வாளர்கள் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை உக்ரைனில் ஒரு கணக்கில் பிடித்தார்கள். பிட்காயின் விலை ஏறிப்போயிருந்ததால் மீண்டுவந்த பகுதியே ஐந்து லட்சம் யூரோ அளவுக்குப் பெருகியிருந்தது. அதைப் பணக்கஷ்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கான நிதியில் போடுவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

நம் நாட்டிலும் சாட்சி உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் பூட்டப்பட்டன. மருத்துவமனையும் கல்லூரியும் ஒன்றாக இருக்கும் இடம். புறநோயாளிச் சீட்டைக் கையால் எழுதினார்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் காகிதத்தில் அலைந்தன. ஐந்து சர்வர்கள், 1.3 டெராபைட் தரவு. காரணம் என்ன என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன பதில்: நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாமல் இருந்தது.

'பிரித்தல்' என்றால் என்ன என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். நம் பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். வெயிலுக்கு ஒதுங்குகிற வழிப்போக்கனுக்குத் திண்ணை. தெரிந்தவருக்கு நடை. உறவுக்கு முற்றம். நெல் குதிரும் நகைப்பெட்டியும் உள்ளறையில், அங்கே வீட்டு மனிதர்களிலேயே எல்லாரும் போவதில்லை. திண்ணையில் படுத்தவன் யாராக இருந்தாலும் குதிர் பத்திரமாக இருக்கும். அவனிடம் நடத்தைச் சான்றிதழ் கேட்டுத் திண்ணையைக் கட்டவில்லை. மாணவரின் மடிக்கணினி திண்ணைக்கு வந்த விருந்தாளி. அதில் நோய் இருக்கும் என்று எண்ணித்தான் வலையை அமைக்க வேண்டும். மதிப்பெண் பதிவேடும் சம்பளக் கணக்கும் தேர்வுத் தாளும் இருக்கிற சர்வருக்கு விடுதி அறையிலிருந்து ஒரு வழி திறந்திருக்கிறது என்றால், அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரைக் கேட்க வேண்டும்.

மாணவருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. கிராக் போடாதே, பாஸ்வேர்டைத் தோழனுக்குக் கொடுக்காதே, அப்டேட்டைத் தள்ளிப்போடாதே. இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது வகுப்பறை, முதல் வாரத்திலேயே. ஆனால் சொல்லிக் கொடுக்கிறவரின் கை சுத்தமாக இருக்க வேண்டும். பல கல்லூரிகளில் மாணவர் போர்ட்டலின் யூசர்நேம் பதிவெண், பாஸ்வேர்ட் பிறந்த தேதி. பதிவெண் வரிசையாக வரும், பிறந்த தேதியைக் கேக் வெட்டிய படத்தோடு நண்பர்களே போட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் வகுப்பில் பாதிப் பேரின் வீட்டு முகவரியையும் சாதிச் சான்றிதழையும் வங்கிக் கணக்கு எண்ணையும் பார்த்துவிடலாம். உதவித்தொகைப் பட்டியலைப் பெயரும் கணக்கு எண்ணும் தெரிய வாட்ஸ்அப் குழுவில் போடுகிற அலுவலகங்களையும் நான் பார்த்திருக்கிறேன். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர்தான் அதைக் காக்க வேண்டும் என்கிறது, தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முழுமையாக நடைமுறைக்கு வர இன்னும் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் பிறந்த தேதி பாஸ்வேர்டையாவது மாற்றலாம்.

இதற்கெல்லாம் அந்த சிஸ்டம் அட்மினைக் குறை சொல்லிவிடக் கூடாது. நான்காயிரம் மாணவருக்கு ஒருவரோ இருவரோ. வைஃபை வரவில்லை என்று திட்டு வாங்குவதும், சேர்மன் அறை புரொஜெக்டரை இயக்குவதும், பட்டமளிப்பு விழாவுக்கு நேரலை ஏற்பாடு செய்வதும் அவர் வேலை. சர்வரை நள்ளிரவில் அப்டேட் செய்துவிட்டுக் காலையில் ஏதாவது நின்றுபோனால் அவர் வேலைக்கே ஆபத்து, அதனால் தொடாமல் விடுகிறார். நுழைவாயில் வளைவுக்கும் அதில் தங்க எழுத்துக்கும் செலவழிக்கிற அறக்கட்டளை, இன்னொரு ஆள் போடப் பணமில்லை என்கிறது.

ஆளைப் போடாத இடத்தில் கண்காணிப்பைப் போடுகிறார்கள். இது இன்னும் மோசம். சில வளாகங்களில் வைஃபை கிடைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சான்றிதழ்க் கோப்பை இறக்கி உன் கணினியில் நிறுவு என்கிறார்கள். நான்கைந்து கிளிக்கில் வேலை முடிந்துவிடும். பிள்ளைகளும் செய்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் கணினியிலிருந்து போகிற பூட்டிய கடிதங்களைக் கல்லூரியின் ஃபயர்வால் நடுவழியில் திறந்து, படித்து, திரும்ப ஒட்டி அனுப்ப முடியும். பிரவுசரில் பூட்டுக்குறி அப்படியேதான் தெரியும். விலக்கு வைத்திருந்தால் ஒழிய, வங்கித் தளமும் அம்மாவுக்கு எழுதிய மின்னஞ்சலும் மருத்துவரிடம் கேட்ட கேள்வியும் அந்த வழியாகத்தான் போகும். எது சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கிறார், எத்தனை நாள் இருக்கும் என்று ஒரு வரிகூட எழுதித் தருவதில்லை. அப்பா கடன்பட்டு வாங்கிய கணினி அது. கல்லூரி அதற்கு ஒரு பைசா தரவில்லை. பணம் போடாதவருக்கு உள்ளே எட்டிப் பார்க்க என்ன உரிமை?

எட்டிப் பார்ப்பது எங்கே போய் முடியும் என்பதற்கும் நிகழ்ந்த கதை இருக்கிறது. பிலடெல்பியா புறநகரில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. தொலைந்துபோனால் கண்டுபிடிப்பதற்கு என்று அதில் ஒரு மென்பொருள். அது மாணவர்களின் வீட்டுக்குள் கேமரா வழியாகவும் திரைப்பிடிப்பாகவும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியிருந்தது 2010-ல் வெளிவந்தது. 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். இங்கேயும் கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில், அண்ணா பல்கலைக்கழகம் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் காவலிருக்க இணையவழித் தேர்வு நடத்தியது. நெட் விட்டுப்போனதும் முகம் திரும்பியதும் முறைகேடாகப் பதிவாகிவிட்டன என்று மாணவர்கள் கதறினார்கள். ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டு, கடைசியில் மறுதேர்வு நடத்த வேண்டியதாயிற்று. ஓட்டு வீட்டில் ஒற்றை அறையில் தங்கை குறுக்கே நடக்க, அரைகுறை சிக்னலில் தேர்வு எழுதிய பிள்ளையை அந்தக் கேமரா சந்தேகப்பட்டது. தனி அறையும் ஃபைபர் இணைப்பும் இருந்த பிள்ளையை அது சந்தேகப்படவில்லை.

அடுத்த சேர்க்கைக் காலம் வந்துகொண்டிருக்கிறது. சுற்றறிக்கையை இந்த ஆண்டு வேறு மாதிரி எழுதுங்கள் என்று கல்லூரி நிர்வாகங்களை இந்த இதழ் கேட்கிறது. மடிக்கணினி கட்டாயம் என்றால், வாங்க முடியாதவருக்கு நூலகத்திலிருந்து ஒரு பருவத்துக்குக் கடனாகக் கொடுக்க நாங்கள் இத்தனை இயந்திரம் வைத்திருக்கிறோம் என்று அடுத்த வரியில் இருக்க வேண்டும். அப்படி எழுத முடியாத கல்லூரி கட்டாயம் என்ற சொல்லை எடுத்துவிடட்டும். வங்கிக் கடிதம் கேட்காமலே கிடைக்க வேண்டும். ஆய்வகம் இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும். ஒரிஜினல் இயங்குதளம்தான் வேண்டுமென்றால் ஒன்று அதைக் கல்லூரியே மொத்தமாக வாங்கித் தரட்டும், அல்லது காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்து அதில் பாடம் நடத்தட்டும். 2011-ன் அரசு மடிக்கணினியிலேயே பாஸ் லினக்ஸ் இருந்தது, பழைய இயந்திரங்கள் அதில் நன்றாகவே ஓடும். விடுதி வலையைத் தனியே பிரியுங்கள், சர்வர் அறையைத் தனியே பூட்டுங்கள். 'சம்பந்தப்பட்ட மாணவரே பொறுப்பு' என்ற வரியை அடித்துவிடுங்கள். கட்டண நிர்ணயக் குழு இனி மடிக்கணினியையும் கட்டணமாகக் கருதி விசாரிக்க வேண்டும். யார் வாங்கச் சொன்னார் என்று பார்த்தாலே போதும்.

அன்று ரிச்சி தெருவில் அந்த அப்பாவிடம் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். நவம்பரில் அழைத்தார். அவர் வாங்கியது ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 அந்தப் பிராசசரை ஏற்பதில்லை. பழைய விண்டோஸ் உள்ள கணினிகளுக்கு இனி வைஃபை கிடையாது என்று கல்லூரி இன்னொரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மகள் அறைத்தோழி தூங்கிய பிறகு, அவளுடைய மடிக்கணினியில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அசைன்மென்ட் செய்கிறாளாம்.

"கடைக்காரத் தம்பி இதைத் திருப்பி எடுத்துக்குவாரா சார்? பில்லு இல்லியே" என்றார்.

எடுத்துக்கொள்ள மாட்டார். ஐந்து மாதமாகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் முதல்வர். இருபத்திரண்டாயிரத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.